கண்ணுக்குத் தெரியாத மகுடம்: விண்மீன் திரள்களைச் சூழ்ந்த வாயுவைத் தேடிய வரலாறு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'அறிவியல் நமக்கு எதற்கு?' என்பது இன்றைய அரங்கின் தலைப்பு. எனக்கு முன் பேசியவர்கள் மருத்துவம், கணினி, கைத்தொலைபேசி என்று அறிவியல் தந்த வசதிகளை அழகாக அடுக்கினார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருளோ எந்தக் கடையிலும் விற்காத ஒன்று. கையால் தொட முடியாது. கண்ணால் பார்க்கவும் முடியாது. விண்மீன் திரள்களைச் சுற்றிப் பரவிக் கிடக்கும் மெல்லிய வாயுவைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நான் விண்ணியல் படித்து வந்தவரல்ல. பொதுத் தொடர்பியலில் பட்டயம் பெற்று, ஒளிக்கருவிக்கு முன்னால் நின்று பேசுவதைத் தொழிலாகக் கொண்டவர். ஆகவே பாடநூல் மொழியில் பேச மாட்டேன். ஒரு கதையாகச் சொல்கிறேன். 1956ஆம் ஆண்டில் ஒருவர் தாளில் எழுதிய ஊகம், 2009ஆம் ஆண்டில் ஏழு பேர் உயிரைப் பணயம் வைத்து விண்ணுக்குச் சென்ற பிறகு உறுதியான கதை இது.

வாயு தீர்ந்தால் விண்மீன் பிறக்காது

முதலில் ஓர் எளிய கணக்கு. நாம் வாழும் பால்வீதியில் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்று அல்லது இரண்டு சூரியன்களின் எடைக்கு நிகரான புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. விண்மீன் பிறக்க வாயு வேண்டும். பால்வீதியின் தட்டில் இன்று இருக்கும் வாயுவை மட்டும் நம்பினால் சில பில்லியன் ஆண்டுகளில் கையிருப்பு தீர்ந்துவிடும். ஆனால் பால்வீதி 10 பில்லியன் ஆண்டுகளுக்கும் மேலாக விண்மீன்களைப் பெற்றெடுத்துக் கொண்டே இருக்கிறது.

மாதச் சம்பளம் வராத வீட்டில் அடுப்பு மட்டும் தினமும் எரிந்தால் பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள்? எங்கிருந்தோ பணம் வருகிறது என்றுதானே? விண்ணியலாளர்களும் அப்படித்தான் கேட்டார்கள். பால்வீதிக்கு வாயு எங்கிருந்து வருகிறது?

தோல் இல்லாத பலூன்

விண்மீன்களுக்கு இடையே உள்ள வெளி வெறுமையானது என்றே நீண்ட காலம் எண்ணி வந்தார்கள். அந்த எண்ணத்தை அசைத்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் பணியாற்றிய யோகன்னஸ் ஹார்ட்மன். 1904ஆம் ஆண்டு அவர் ஓரையன் கூட்டத்தின் இடுப்புப் பட்டையில் உள்ள ஓர் இரட்டை விண்மீனை ஆராய்ந்தார். விண்மீனின் ஒளியைப் பிரித்தால் வானவில் போன்ற நிறமாலை கிடைக்கும். அதில் ஆங்காங்கே கறுப்புக் கோடுகள் இருக்கும். இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுவதால் அந்தக் கோடுகள் ஊஞ்சல் போல இப்படியும் அப்படியும் நகரும். ஆனால் கால்சியத்துக்குரிய ஒரு கோடு மட்டும் நகராமல் நின்றது. அது விண்மீனுக்குச் சொந்தமானதல்ல, வழியில் எங்கோ கிடக்கும் வாயுவினால் உண்டானது என்று ஹார்ட்மன் புரிந்துகொண்டார்.

1950களில் குய்டோ மியூன்ச் என்ற விண்ணியலாளர், பால்வீதியின் தட்டுக்கு மேலே தொலைவில் உள்ள விண்மீன்களைக் கலிபோர்னியாவிலிருந்து ஆராய்ந்தார். அவற்றின் ஒளியிலும் அதே போன்ற கோடுகள் கிடைத்தன. அதாவது, தட்டை விட்டு வெகு உயரத்திலும் வாயு மேகங்கள் மிதந்து கொண்டிருந்தன.

இந்தச் செய்தி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் லைமன் ஸ்பிட்சர் காதுக்கு எட்டியது. அவர் மனத்தில் எழுந்த கேள்வி மிக எளியது. பலூனுக்குள் காற்று தங்குவதற்குக் காரணம் அதன் ரப்பர் தோல். வெட்டவெளியில் மிதக்கும் மேகத்துக்குத் தோல் ஏது? அது சிதறிப் போகாமல் ஏன் இருக்கிறது?

வெளியிலிருந்து ஏதோ ஒன்று அந்த மேகங்களை நாலா பக்கமும் அழுத்திக் கொண்டிருக்க வேண்டும் என்றார் ஸ்பிட்சர். அது மிக மெல்லியதாக, அதே சமயம் மிகச் சூடாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 10 லட்சம் டிகிரி வெப்பம் என்று கணக்கிட்டார். முழுச் சூரிய கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் மகுடத்துக்குக் கொரோனா என்று பெயர். அதைப் போல நம் பால்வீதிக்கும் ஒரு மகுடம் இருக்கலாம் என்று 1956இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

அந்தக் கட்டுரையில் ஒரு சிக்கலையும் அவரே குறிப்பிட்டார். அத்தனை சூடான, அத்தனை மெல்லிய வாயுவைச் சாதாரண ஒளியில் காண வழியில்லை. புற ஊதாக் கதிரில்தான் தடயம் கிடைக்கும். புற ஊதாக் கதிரையோ பூமியின் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. ஆகவே காற்று மண்டலத்துக்கு மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் பறந்தது 1957 அக்டோபரில். அதாவது, விண்ணில் ஒரு செயற்கைக்கோள்கூட இல்லாத காலத்தில், விண்ணில் தொலைநோக்கி இருந்தால்தான் மெய்ப்பிக்க முடியும் என்ற ஓர் ஊகத்தை அவர் எழுதி வைத்தார். விண்வெளியில் தொலைநோக்கி வேண்டும் என்று 1946லேயே அறிக்கை தந்தவர் அவர்.

சந்திரசேகர் நின்ற இடம்

நேயர்களே, நம் மேடைகளில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கண்டுபிடிப்பைச் சொன்னாலும், 'இதை எங்கள் முன்னோர் எப்போதோ சொல்லிவிட்டார்கள்' என்று முடிப்போம். கைதட்டலும் கிடைக்கும். அந்த வழியில் நான் போகப் போவதில்லை. ஆனால் இந்த வரலாற்றில் ஒரு தமிழருக்கு உண்மையான இடம் இருக்கிறது. அதை மட்டும் சொல்கிறேன்.

ஸ்பிட்சர் இளைஞராகக் கேம்பிரிட்ஜில் ஓராண்டு படித்தபோது அவர்மீது தாக்கம் செலுத்தியவர்களில் ஒருவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கிலாந்து சென்றவர். உயரத்து மேகங்களைக் கண்ட மியூன்ச், மெக்சிகோவிலிருந்து சிகாகோ வந்து சந்திரசேகரிடம் ஆய்வுப் பட்டம் பெற்ற மாணவர். ஸ்பிட்சரின் 1956ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிவந்தது 'அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்' இதழில். 1952 முதல் 1971 வரை அந்த இதழின் ஆசிரியர் பொறுப்பில் இருந்தவரும் சந்திரசேகர்தான்.

வாயு மகுடத்தைச் சந்திரசேகர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் கண்டுபிடித்தவருக்கு ஊக்கமாகவும், இன்னொருவருக்கு ஆசானாகவும், அவர்கள் எழுத்து உலகத்தைச் சேர்ந்த இதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். மற்றவர் ஆய்வுகளைப் படித்துச் செப்பனிடும் வேலையை 19 ஆண்டுகள் செய்தார். பாராட்டு விழா நடக்காத வேலை அது. நாம் பெருமைப்பட வேண்டுமானால் அதற்காகப் பெருமைப்படுவோம்.

பின்னால் இருக்கும் விளக்கு

கண்ணுக்குத் தெரியாததை எப்படிப் பார்ப்பது? நம் நாட்டுப் புகைமூட்டத்தை நினைத்துக் கொள்ளுங்கள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தால் புகை தெரியாது. ஆனால் தூரத்தில் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் மங்கிவிட்டால் இடையில் எவ்வளவு புகை இருக்கிறது என்று உடனே சொல்லிவிடுவோம். எங்கள் படப்பிடிப்புக் கூடத்திலும் இதே கதைதான். மேடையில் விடும் புகை முன்னால் இருந்து விளக்கு போட்டால் சரியாகத் தெரியாது. பின்னால் ஒரு விளக்கு வைத்தால் எடுப்பாகத் தெரியும்.

விண்ணியலாளர்களுக்கும் ஒரு விளக்கு தேவைப்பட்டது. அதுதான் குவாசர். 1963இல் மார்ட்டன் ஷ்மிட் என்ற அறிஞர், விண்மீன் போலத் தோன்றிய 3சி 273 என்ற பொருள் உண்மையில் மிக மிகத் தொலைவில் இருப்பது என்று காட்டினார். குவாசர்கள் பல பில்லியன் ஒளியாண்டுத் தொலைவிலிருந்தும் கண்டறியத்தக்க அளவுக்குப் பிரகாசமானவை. அவற்றின் ஒளி நம்மை வந்தடையும் வழியில் எந்த வாயு குறுக்கிட்டாலும் தன் பங்குக்குச் சில நிறங்களைத் தின்றுவிடும். எந்த நிறம் காணவில்லை என்று பார்த்தால் அது எந்தத் தனிமம் என்று தெரியும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் வாயுவின் அளவு தெரியும். கோடு எவ்வளவு இடம் பெயர்ந்திருக்கிறது என்று பார்த்தால் அதன் வேகமும், அது எந்த விண்மீன் திரளைச் சேர்ந்தது என்பதும் தெரியவரும்.

1966 வாக்கில் குவாசர்களின் ஒளியில் இத்தகைய கோடுகள் கிடைக்கத் தொடங்கின. அவை குவாசரே கக்கிய வாயுவா, வழியில் கிடக்கும் வாயுவா என்று வாதம் நடந்தது. 1969இல் ஜான் பாக்கால் என்ற இளைஞரும் ஸ்பிட்சரும் சேர்ந்து ஒரு கருத்தை முன்வைத்தார்கள். பெரும்பாலான கோடுகள், வழியில் உள்ள சாதாரண விண்மீன் திரள்களின் பரந்த வாயு உறைகளால் உண்டானவை என்றார்கள். அதாவது, நாம் படத்தில் பார்க்கும் விண்மீன் திரள் பழத்தின் கொட்டை மட்டுமே. அதைச் சுற்றிய சதை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதற்குச் சான்று தேட வேண்டும். பிரெஞ்சு விண்ணியலாளர் ஜாக்குலின் பெர்ஜரான் 1986இல் ஒரு குவாசரின் அருகே மங்கலாகத் தெரிந்த விண்மீன் திரளை எடுத்துக்கொண்டு, அதன் தொலைவும் கோட்டை உண்டாக்கிய வாயுவின் தொலைவும் ஒன்றே என்று காட்டினார். 1991இல் பாட்ரிக் புவாசேயுடன் சேர்ந்து மேலும் பல திரள்களில் அதையே உறுதிப்படுத்தினார்.

இதற்கிடையில் விண்வெளிக் கருவிகளும் வந்துவிட்டன. 1972இல் ஏவப்பட்ட கோப்பர்நிக்கஸ் செயற்கைக்கோளில் ஸ்பிட்சர் குழுவின் புற ஊதாத் தொலைநோக்கி இருந்தது. 1978இல் ஏவப்பட்ட ஐ.யு.இ. செயற்கைக்கோளைக் கொண்டு பிளேர் சாவேஜ், கிளாஸ் டி போயர் இருவரும் நம் பால்வீதியின் தட்டுக்கு வெளியே சூடான வாயு இருப்பதற்கான சான்றை 1979இல் வெளியிட்டார்கள். ஸ்பிட்சரின் ஊகத்துக்கு 23 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பதில் அது.

கீழே விழும் மேகம்

ஒரு சிறு கிளைக்கதை. 1963இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கெயில் ஸ்மித் என்ற பெண், வானொலித் தொலைநோக்கிப் பதிவுகளில் ஒரு வாயு மேகத்தைக் கண்டார். இன்று அதற்கு ஸ்மித் மேகம் என்றே பெயர். ஏறத்தாழ 11,000 ஒளியாண்டு நீளமுள்ள அந்த மேகம் பால்வீதியை நோக்கி விழுந்து கொண்டிருக்கிறது. சுமார் 30 மில்லியன் ஆண்டுகளில் வந்து மோதும். அப்போது புதிய விண்மீன்கள் பிறக்கலாம்.

இந்த மேகம் அந்நியமா, உறவா? 2016இல் ஆண்ட்ரூ ஃபாக்ஸ் தலைமையிலான குழு ஹப்பிள் தொலைநோக்கியால் அதிலுள்ள கந்தகத்தை அளந்தது. அந்த அளவு, பால்வீதியின் வெளிப்பகுதியில் இருக்கும் அளவோடு ஒத்துப்போனது. அது பால்வீதியிலிருந்து வெளியேறி மீண்டும் வீடு திரும்பும் வாயுவாக இருக்கலாம் என்பதே அவர்கள் முடிவு. கடல் நீர் ஆவியாகி மழையாகித் திரும்புவது போல, விண்மீன் திரளிலும் ஒரு சுழற்சி நடக்கிறது.

ஏழு பேர் சென்ற பயணம்

இனி இந்தக் கதையின் முக்கியமான கட்டத்துக்கு வருவோம். ஸ்பிட்சர் கனவு கண்ட ஹப்பிள் தொலைநோக்கி 1990 ஏப்ரலில் விண்ணுக்குச் சென்றது. ஆனால் வாயு உறைகளை முறையாக அளக்க இன்னும் கூர்மையான புற ஊதாக் கருவி வேண்டியிருந்தது. 'காஸ்மிக் ஆரிஜின்ஸ் ஸ்பெக்ட்ரோகிராப்', சுருக்கமாக 'காஸ்' என்ற கருவியைக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிரீன் தலைமையிலான குழு உருவாக்கியது.

2003 பிப்ரவரி 1ஆம் நாள் கொலம்பியா விண்கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் மாண்டார்கள். அந்தச் செய்தி வந்த நாளை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். 2004 ஜனவரியில் நாசாவின் தலைவர் ஷான் ஓ'கீஃப், ஹப்பிளைப் பழுதுபார்க்கும் பயணத்தை ரத்து செய்தார். காரணம் நியாயமானது. அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் போகும் விண்கலத்துக்கு ஆபத்து வந்தால் வீரர்கள் அந்த நிலையத்தில் தங்கலாம். ஹப்பிள் இருக்கும் பாதையிலிருந்து அங்கே போக முடியாது. ஆபத்து வந்தால் ஒதுங்க இடமில்லை.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வாயுவை அளக்கும் ஒரு கருவிக்காக மனித உயிரைப் பணயம் வைக்கலாமா? விஞ்ஞானிகள் மட்டுமன்றிப் பொதுமக்களும் ஹப்பிளுக்காகக் குரல் கொடுத்தார்கள். மாற்று வழிகள் ஆராயப்பட்டன. 2006 அக்டோபர் 31ஆம் நாள் புதிய தலைவர் மைக்கல் கிரிஃபின், பயணம் உண்டு என்று அறிவித்தார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவில்லை. 2009 மே 11இல் அட்லாண்டிஸ் ஏழு வீரர்களுடன் புறப்பட்டபோது, தேவைப்பட்டால் அவர்களை மீட்டு வர எண்டவர் விண்கலம் இன்னொரு ஏவுதளத்தில் தயாராக நின்றது. துணிவு வேறு, அசட்டுத் துணிச்சல் வேறு. இந்த ஏற்பாட்டில் இருந்தது துணிவு.

மே 16இல் ஜான் கிரன்ஸ்பீல்டும் ஆண்ட்ரூ ஃபாய்ஸ்டலும் விண்ணில் மிதந்தபடி காஸ் கருவியைப் பொருத்தினார்கள். ஏழு பேரும் நலமாகத் திரும்பினார்கள். அந்த நாளைக் காண ஸ்பிட்சர் இல்லை. அவர் 1997லேயே காலமானார். பாக்காலும் 2005இல் மறைந்துவிட்டார்.

கிடைத்த விடை

2011 நவம்பரில் ஜேசன் டம்லின்சன் தலைமையிலான குழுவின் முடிவு 'சயன்ஸ்' இதழில் வந்தது. 42 விண்மீன் திரள்களைக் குவாசர்களின் ஒளியைக் கொண்டு ஆராய்ந்தார்கள். புதிய விண்மீன்களைப் பெறும் திரள்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சுற்றிச் சூடான ஆக்சிஜன் பரந்து கிடந்தது. ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 மில்லியன் சூரியன்களின் எடைக்கு நிகரான ஆக்சிஜன். விண்மீன் பெறுவதை நிறுத்திவிட்ட திரள்களில் அது அரிதாகவே இருந்தது.

ஆக்சிஜன் தானாக உண்டாவதில்லை. அது விண்மீன்களின் வயிற்றில் சமைக்கப்படுவது. ஆகவே இந்த ஆக்சிஜன் ஒரு காலத்தில் திரளுக்குள் இருந்து, விண்மீன் வெடிப்புகளால் வெளியே வீசப்பட்டது என்பது தெளிவாகிறது. ஆனால் புதிரும் ஒன்று மிஞ்சியது. விண்மீன் பெறாத திரள்களைச் சுற்றியும் குளிர்ந்த ஹைட்ரஜன் ஏராளமாக இருப்பது 2012இல் தெரிந்தது. எரிபொருள் வாசலில் இருந்தும் அடுப்பு ஏன் அணைந்தது? இதற்கு முழு விடை தேடும் பணி நடந்து வருகிறது.

அதே 2012இல் அஞ்சலி குப்தா, ஸ்மிதா மாத்தூர் ஆகியோரின் குழு, நம் பால்வீதியைச் சுற்றி 10 லட்சம் டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பமுள்ள வாயு மிகப் பெரிய அளவில் பரவியிருப்பதாக அறிவித்தது. அவர்கள் பயன்படுத்திய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் பெயர் சந்திரா. ஆம், அதே சந்திரசேகரின் நினைவாக வைக்கப்பட்ட பெயர்தான்.

2020இல் நிக்கோலஸ் லேனர் குழு 43 குவாசர்களைக் கொண்டு அண்டை வீடான ஆண்ட்ரோமீடாவை அளந்தது. அதன் வாயு உறை 1.3 மில்லியன் ஒளியாண்டுவரை பரவியிருக்கிறது. சில திசைகளில் 2 மில்லியன் ஒளியாண்டுவரை நீள்கிறது. ஆண்ட்ரோமீடா நம்மிடமிருந்து 2.5 மில்லியன் ஒளியாண்டுத் தொலைவில்தான் உள்ளது. நம் திரளின் உறையும் அதன் உறையும் ஏற்கெனவே உரசத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த உறை கண்ணுக்குத் தெரிந்தால், வடவானில் நாம் காணும் சப்தரிஷி மண்டலத்தைப் போல மூன்று மடங்கு அகலமாகத் தோன்றும். இத்தனை பெரிதாக இருந்தும் ஒரு வாளி அளவு இடத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய அணுக்களே உண்டு. அதனால்தான் நம் கண்ணுக்குப் படவில்லை.

2024இல் நிக்கோல் நீல்சன் குழு, ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியால், 270 மில்லியன் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஒரு திரளைச் சூழ்ந்த வாயு தானே வெளியிடும் மங்கலான ஒளியைப் பின்விளக்கு இல்லாமலே பதிவு செய்தது.

நமக்கு என்ன?

இப்போது தலைப்புக்கு வருகிறேன். இதெல்லாம் நமக்கு எதற்கு? 2017இல் வெளியான ஒரு கணினி ஆய்வு, பால்வீதி போன்ற திரளில் உள்ள பொருளில் பாதிவரை வேறு திரள்களிலிருந்து வாயுவாகப் பறந்து வந்ததாக இருக்கலாம் என்று காட்டியது. அப்படியானால் நாம் இப்போது உள்ளிழுக்கும் ஆக்சிஜனில் ஒரு பகுதி பிறிதோர் இடத்தில் பிறந்து, இருளில் நெடுந்தூரம் பயணம் செய்து வந்திருக்கக்கூடும். கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இந்தச் செய்தி புரியாமலா போகும்?

இன்னொரு செய்தியும் உண்டு. ஹப்பிளுக்கு வயதாகிவிட்டது. 2024 ஜூன் முதல் அது ஒரே ஒரு கைரோவை நம்பி இயங்கும் முறைக்கு மாற்றப்பட்டது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் புற ஊதாக் கதிரைப் பார்க்க முடியாது. இந்த வாயுவுக்கென்றே ஆஸ்பெரா என்ற சிறிய செயற்கைக்கோளை 2021இல் நாசா தேர்ந்தெடுத்தது. ஆனால் ஹப்பிளுக்கு நிகரான பெரிய புற ஊதாக் கண் ஒன்றை உருவாக்க நெடுங்காலம் ஆகும். இன்று தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை ஆய்வாளராகும் நேரத்தில்தான் அது பறக்கக்கூடும்.

ஸ்பிட்சர் தாம் காணப் போகாத விடைக்காகக் கேள்வியை எழுதி வைத்தார். 53 ஆண்டுகள் கழித்து வேறு கைகள் அதற்கான கருவியைப் பொருத்தின. உடனடிப் பலன் இல்லாத படிப்பு வீண் என்று பிள்ளைகளிடம் சொல்வதற்கு முன் பெற்றோர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை இன்று கேட்கும் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லாமல் இருக்கலாம். 'சும்மா இரு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைத் தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.